ஆபீஸுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்கள் சூழ்ந்த டவுனில் மதியச் சாப்பாடு பெரிய பிரச்சினை. டவுனில் இருக்கும் ஆபீஸ்காரர்கள் ஒரு மணிக்கு ஒரே நேரத்தில் கடைக்குப் போவார்கள், உட்கார இடம் கிடைக்காது. லிந்தாங் பக்கம் தோட்ட ஆபீஸில் இருக்கும் கிராணிமார்களுக்கு (குமாஸ்தாக்களுக்கு) டவுன் வரை வந்து சாப்பிட்டுத் திரும்ப நேரமே போதாது. அப்போதுதான் யாராவது, "அக்கா, வீட்டில் சமைக்கிறதையே எனக்கும் ஒரு கட்டு கட்டிக் கொடுங்களேன், காசு கொடுத்துடுறேன்" என்று கேட்பார்கள். இரண்டு கட்டு ஐந்தாகும், ஐந்து பதினைந்தாகும்.

அந்தப் பதினைந்தில்தான் தலைவலி ஆரம்பம். லைசென்ஸ் கேட்டால் பயிற்சிச் சான்றிதழ் எங்கே என்பார்கள். பயிற்சிக்குப் போனால் ஊசி போட்டாயிற்றா என்பார்கள். எதை முதலில் செய்ய வேண்டும் என்று முழுதாகச் சொல்ல ஒரு கவுண்டரிலும் ஆள் இல்லை. அலைந்து திரிந்து நான் தெரிந்துகொண்ட வரிசையைக் கீழே எழுதியிருக்கிறேன். வீட்டு அடுப்பில் சமைத்து, திங்கள் முதல் வெள்ளி வரை நாற்பது கட்டுக்குள் கொடுக்கிறவர்களுக்கானது இது. கல்யாணம், திருவிழா கேட்டரிங்குக்கு இது போதாது.

1. அவர்களுடைய ஓய்வு நேரத்தைக் கேளுங்கள்

மெனு போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. எல்லா இடத்திலும் மதிய இடைவேளை ஒரு மணி நேரம் என்று நினைத்துவிடாதீர்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60ஏ பிரிவு, குறைந்தது 30 நிமிட ஓய்வு கொடுக்காமல் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்கிறது. அந்த 30 நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளும் முதலாளிகள் உண்டு. அரை மணி நேரக்காரருக்கு நீங்கள் பத்து நிமிடம் தாமதமாகப் போனால் அவர் அன்று பட்டினிதான். இரண்டாவது முறையும் அப்படி நடந்தால் அவர் உங்களிடம் வாங்க மாட்டார்.

அரசாங்க ஆபீஸ்களில் பொதுவாக 1 மணி முதல் 2 மணி வரை. வெள்ளிக்கிழமை மட்டும் 12.15 முதல் 2.45 வரை. தோட்டத்தில் கதை வேறு. விடியற்காலையிலேயே பெரட்டுக்கு (பேர் கூப்பிடும் இடத்துக்கு)ப் போய் வெளிவேலை பார்க்கிறவர்கள் காலையிலேயே ஒரு தடவை சாப்பிட்டுவிடுவார்கள், மதியக் கட்டு அவர்களுக்குத் தேவைப்படாது. தோட்ட ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர்கள் 12 மணிக்கே சாப்பிடுவதும் உண்டு. ஆகவே ஒரு நோட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே எழுதுங்கள்: எத்தனை மணிக்கு ஓய்வு, எத்தனை நிமிடம், எந்தெந்த நாள் சைவம், என்ன ஒத்துக்கொள்ளாது, ஆபீஸில் மைக்ரோவேவ் இருக்கிறதா, கட்டை யார் கையில் கொடுப்பது. கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் வாசலில் பாதுகாவலர் உள்ளே விடாவிட்டால் வெயிலில் காரில் காத்திருப்பது உங்கள் சாப்பாடுதான்.

2. வீடு யார் பெயரில் இருக்கிறது?

பலர் தடுக்கி விழும் இடம் இது. தோட்ட லயத்திலோ குவார்ட்டர்ஸிலோ இருந்தால் வீடு கம்பெனியுடையது. அங்கே வியாபாரம் செய்ய நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். மேனேஜரிடம் வாய் வார்த்தையாகக் கேட்டுவிட்டு ஆரம்பிக்காதீர்கள், மேனேஜர் மாறினால் அந்த வார்த்தையும் அவரோடு போய்விடும். ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்து, கையெழுத்தும் முத்திரையும் உள்ள பதிலை வாங்கி வையுங்கள். கடிதத்தில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: எத்தனை சாப்பாடு சமைக்கிறீர்கள், எத்தனை மணிக்கு, வாடிக்கையாளர்கள் வீட்டுக்கு வராமல் நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள் என்பது. கூட்டம் சேருமோ என்பதுதான் நிர்வாகத்தின் முதல் பயம், அதனால் மூன்றாவது விஷயத்தை விட்டுவிடாதீர்கள்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் கடிதமும் அவருடைய ஐ.சி. (அடையாள அட்டை) நகலும் வாங்கிக்கொள்ளுங்கள். சொந்த வீடு என்றால் மதிப்பீட்டு வரி ரசீதைத் தேடி எடுங்கள். இந்தப் படிக்குக் காசு செலவில்லை, ஆனால் பதில் வர வாரக்கணக்கில் இழுக்கலாம். அதனால் இதை முதலிலேயே போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

3. ஊசியும் பயிற்சியும்

2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி, விற்பதற்காக உணவைக் கையாளும் ஒவ்வொருவரும் டைஃபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும், சுகாதார அமைச்சு அங்கீகரித்த பயிற்சி நிலையத்தில் உணவு கையாளுவோர் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ விதிக்க இடமுண்டு. "ஒவ்வொருவரும்" என்பதில் உங்களுக்கு வெங்காயம் நறுக்கிக் கொடுக்கும் மாமியாரும் சேர்த்தி, கட்டுக் கட்டும் மகளும் சேர்த்தி. எத்தனை கை சமையலறையில் இருக்கிறதோ அத்தனை பேருக்கும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஊசியை முதலில் போடுங்கள். தனியார் கிளினிக்கில் போட்டுக்கொள்ளலாம், விலை இடத்துக்கு இடம் மாறும், இரண்டு மூன்று கிளினிக்குக்குப் போன் செய்து கேளுங்கள். ஊசி போட்ட பிறகு உடம்பில் எதிர்ப்புச் சக்தி வர ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். மூன்று வருடத்துக்கு ஒரு முறை மறுபடியும் போட வேண்டும். டாக்டரின் முத்திரை, தேதி, தடுப்பூசி விவரம் மூன்றும் அட்டையில் தெளிவாக இருக்கிறதா என்று கிளினிக்கை விட்டுக் கிளம்பும் முன் பாருங்கள். ஊசி போடாமலே சீட்டு எழுதித் தருகிறோம் என்று சொல்லும் ஆட்களிடம் போகாதீர்கள். மாட்டினால் வியாபாரமே போய்விடும். அதைவிட, உங்களை நம்பித்தான் மற்றவர்கள் தங்கள் வயிற்றை ஒப்படைக்கிறார்கள்.

பயிற்சி அரை நாள் வேலை. கட்டணம் 50 வெள்ளி அளவில் இருக்கும். ஈப்போவில் வார இறுதி வகுப்புகள் கிடைக்கும். ஐ.சி. எடுத்துப் போங்கள். வகுப்பு பெரும்பாலும் மலாயில் நடக்கும். அம்மா, மாமியார் போன்றவர்களை அனுப்புவதாக இருந்தால் தமிழில் விளக்கக்கூடிய பயிற்றுநர் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

4. எஸ்.எஸ்.எம். பதிவு

வியாபாரம் தொடங்கி 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்.மில், அதாவது மலேசிய நிறுவன ஆணையத்தில், பதிய வேண்டும் என்பது சட்டம். உங்கள் ஐ.சி.யில் உள்ள பெயரிலேயே பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி. தனிப் பெயர் வைத்தால் ஆண்டுக்கு 60 வெள்ளி. வியாபார விவரங்கள் அடங்கிய தாளுக்கு 10 வெள்ளி. அவ்வளவுதான் செலவு. ஏஜண்டிடம் கொடுத்தால் இதைப் போலப் பல மடங்கு கேட்பார்கள். நீங்களே ஈஸிபிஸ் இணையச் சேவையில் செய்யலாம், அல்லது ஈப்போ கவுண்டருக்கு ஐ.சி.யோடு போகலாம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை இருக்கிறதா என்று கவுண்டரில் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காதவர்களுக்கு யாரும் தாமாகச் சொல்வதில்லை.

படிவத்தில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். முகவரி, இரண்டாவது படியில் வாங்கிய கடிதத்தில் இருப்பது போலவே எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். தோட்ட வீடுகளுக்குச் சரியான கதவு எண் இல்லாத இடத்தில்தான் ஒரு தாளில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் வந்து, பிறகு லைசென்ஸில் சிக்கல் ஆகும். அடுத்து, வியாபார வகை. "வியாபாரம்" என்று பொதுவாக எழுதாமல், சமைத்த உணவைக் கட்டி விற்பது என்று தெளிவாகப் போடுங்கள். வங்கியில் வியாபாரக் கணக்குத் திறக்கும்போது அதைத்தான் பார்ப்பார்கள். தெக்குன் என்ற அரசாங்க நிறுவனம் இந்தியத் தொழில்முனைவோருக்குக் கொடுக்கும் ஸ்பூமி கடனுக்கோ, அமானா இக்தியார் என்ற சிறுகடன் அமைப்பின் இந்தியப் பெண்களுக்கான திட்டத்துக்கோ பின்னால் போனாலும் இந்தத் தாள் உதவும்.

5. நகராண்மைக் கழகமும் சுகாதார அலுவலகமும்

சுங்கை சிப்புட்காரர்களுக்கு இரண்டும் கோலகங்சார் மாவட்டத்தின் கீழ் வருகின்றன. வீட்டிலிருந்து செய்யும் வியாபாரத்துக்கான விதி ஒவ்வொரு கழகத்திலும் வேறு. பக்கத்து ஊர் அக்கா சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள். போன் செய்து, "வீட்டில் சமைத்து ஆபீஸுக்குக் கொடுக்கிறேன், கடை இல்லை, மேசை நாற்காலி இல்லை" என்று சொல்லி, என்ன லைசென்ஸ், எவ்வளவு கட்டணம், என்னென்ன தாள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பேசினவர் பெயரையும் தேதியையும் பக்கத்தில் குறித்து வைத்தால், நேரில் போகும்போது ஆளுக்கு ஒரு பதில் வருவது குறையும். சமையல் இடத்தைச் சுகாதார அமைச்சிடம் பதிவது பற்றியும் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் இதே நடையில் கேட்டுவிடுங்கள்.

ஒரு கோப்பில் இவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு போங்கள்: ஐ.சி. நகல், எஸ்.எஸ்.எம். சான்றிதழ், எல்லோருடைய ஊசி அட்டையும் பயிற்சிச் சான்றிதழும், வீட்டுக் கடிதம் அல்லது வரி ரசீது, தண்ணீர் பில், சமையலறையின் நாலு படம், பாஸ்போர்ட் அளவுப் படம். ஒவ்வொன்றிலும் இரண்டு நகல். மதியம் ஒரு மணிக்குக் கவுண்டர் வேலையும் மந்தமாகிவிடும், அதனால் காலையிலேயே போங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம்.

சோதனைக்கு வந்தால் எதைப் பார்ப்பார்கள்? தண்ணீர் போகும் வழி, குப்பைத்தொட்டிக்கு மூடி, ஈ வராத ஜன்னல், பச்சை மீன் கோழிக்குத் தனி வெட்டுப்பலகை, கழிவறைக் கதவு சமையலறைக்குள் திறக்கிறதா என்பது. பழைய லய வீடுகளில் இந்தக் கடைசி விஷயம்தான் இடிக்கும். நிர்வாகத்திடம் முன்கூட்டியே பேசி ஒரு தடுப்பு வைக்க முடியுமா பாருங்கள்.

"ஹலால்" என்ற சொல்லை டப்பாவிலோ வாட்ஸ்அப் படத்திலோ போடாதீர்கள். ஜாக்கிம் (மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டு இலாகா) அல்லது மாநில இஸ்லாமிய சமய மன்றத்தின் சான்றிதழ் இல்லாமல் அதைப் போடுவது 2011-ஆம் ஆண்டு வர்த்தக விவர ஆணைப்படி குற்றம். மலாய்க்கார நண்பர்கள் கேட்டால், என்ன சமைக்கிறீர்கள், சான்றிதழ் இல்லை என்பதை நேராகச் சொல்லிவிடுங்கள். அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

6. அடுப்பு, எண்ணெய், டப்பா

14 கிலோ கேஸ் சிலிண்டரின் கட்டுப்பாட்டு விலை தீபகற்பத்தில் 26 வெள்ளி 60 காசு, கொண்டுவந்து போடும் கூலி தனி. புதுச் சிலிண்டர் மாட்டும் அன்று அதன் மேல் மார்க்கரால் தேதி எழுதுங்கள். தீரும் வரை எத்தனை சாப்பாடு போட்டீர்கள் என்று எண்ணி வகுத்தால் ஒரு சாப்பாட்டுக்கு எவ்வளவு கேஸ் என்று வரும். 200 சாப்பாடு என்றால் ஒன்றுக்கு 13 காசு. உள்ளூர் வெள்ளை அரிசி 10 கிலோ 26 வெள்ளி. ஆளுக்கு 150 கிராம் அரிசி என்றால் 39 காசு. ஒவ்வொரு பொருளுக்கும் இப்படிப் போட்டுப் பாருங்கள்.

2 வெள்ளி 50 காசு பாக்கெட் எண்ணெயை வியாபாரத்துக்கு ஊற்றாதீர்கள். அது வீட்டு உபயோகத்துக்காக அரசாங்கம் மானியம் கொடுக்கும் எண்ணெய். போத்தல் எண்ணெய் விலையை வைத்தே கணக்குப் போடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் சாப்பாட்டு விலை பொய்க் கணக்கில் நிற்கும்.

டப்பாவுக்கு என் சிபாரிசு எவர்சில்வர் டிபன் கேரியர், ஆளுக்கு இரண்டு செட். ஒன்று போகும், முந்தின நாளுடையது திரும்பி வரும். ஆரம்பச் செலவில் பெரியது இதுதான், அதனால் வாடிக்கையாளரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, நிறுத்தும்போது திருப்பிக் கொடுங்கள். அடியில் பெயிண்டால் எண் போடுங்கள். மூடியில் ரப்பர் வளையம் உள்ள டப்பா என்றால் அந்த வளையத்தைத் தினமும் கழற்றிக் கழுவ வேண்டும். வெளியே பளபளவென்று இருக்கும். வளையத்தைக் கத்தி முனையால் நெம்பிப் பார்த்தால் அடியில் மஞ்சள் பிசுக்கும் நேற்றைய மீன் வாடையும் இருக்கும். மறுநாள் சாம்பார் சாதத்தில் அந்த வாடைதான் வீசும்.

7. ஒரு மணியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

எல்லாத் தாளும் கையில் இருந்தும் தொழில் படுப்பது இங்கேதான். நம் ஊர் வெயிலில் சமைத்த உணவு ஒன்று 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாலு மணி நேரத்துக்குள் வயிற்றுக்குள் போய்விட வேண்டும். காலை ஆறு மணிக்கே எல்லாவற்றையும் சமைத்து முடித்துவிட்டு நிம்மதியாக உட்காருவது கடமை முடிந்த மாதிரி தோன்றும். ஆனால் அந்தச் சாப்பாடு ஒரு மணிக்கு ஏழு மணி நேரப் பழசு.

அதனால் விடியற்காலையில் நறுக்குவது, அரைப்பது, மசாலா வதக்குவது மட்டும். மீன், கோழியைக் குளிர்பெட்டியை விட்டு வெளியே எடுக்காதீர்கள். கறி ஒன்பதரைக்கு மேல் கொதிக்கட்டும். சோறு பத்தேகாலுக்கு இறங்கட்டும். பத்தேமுக்காலிலிருந்து பதினொன்றேகாலுக்குள் கட்டி, பதினொன்றரைக்கு வண்டி கிளம்ப வேண்டும். முதலில் தூரத் தோட்டங்கள், அப்புறம் டவுன். ஐஸ் பெட்டி குளிரை மட்டும் காக்கும் என்று நினைக்கிறோம், சூட்டையும் நன்றாகக் காக்கும். அடியில் ஒரு துண்டு விரித்து டப்பாக்களை நெருக்கமாக அடுக்குங்கள். உணவுக்குள் குத்திப் பார்க்கும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கி, முதல் வாரம் முழுவதும் கடைசி ஆபீஸில் கொடுக்கும் டப்பாவில் குத்திப் பாருங்கள். எந்த வரிசையில் போனால் சூடு நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

ஒவ்வொரு மூடியிலும் ஒரு ஸ்டிக்கர்: "சமைத்தது 10.15, மதியம் 2.15-க்குள் சாப்பிடவும்." மீட்டிங் முடிந்து மூன்றரைக்குச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது ஒன்றுதான் எச்சரிக்கை.

மெனுவும் இந்தக் கணக்குக்குள்தான் வர வேண்டும். சந்தான் (தேங்காய்ப் பால்) ஊற்றிய குழம்பு, சொதி, தேங்காய் அரைத்த கூட்டு சீக்கிரம் முகம் மாறும். அவற்றைப் பக்கத்து ஆபீஸ்களுக்கு மட்டும் வையுங்கள். புளிக்குழம்பு, ரசம், தேங்காய் சேராத கோழிப் பெரட்டல், நெத்திலிச் சம்பல், வெண்டைக்காய் வறுவல், தௌக்குவா (கெட்டி சோயாக் கட்டி) பிரட்டல் எல்லாம் தாங்கும். கங்கோங் கீரை மூடின டப்பாவில் கறுத்துப் போகும், சாவிக் கீரை பரவாயில்லை. தயிர்ப் பச்சடியைச் சூட்டு டப்பாக்களுக்கு நடுவே செருகாதீர்கள், தனிப் பை. நேற்றுச் சோற்றைச் சூடாக்கி அனுப்பும் எண்ணமே வேண்டாம். சோற்றில் வளரும் சில கிருமிகள் விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

சோறு குழைந்து போகிறது என்ற புகார் நிச்சயம் வரும். காரணம் மூடியில் படியும் ஆவி. சூடாகக் கட்டத்தான் வேண்டும், ஆவியை விட்டுச் சோற்றை ஆறவைத்தால் மேலே சொன்ன கணக்கு கெடும். வாழை இலையை அனலில் வாட்டி, டப்பா அளவுக்கு வெட்டி, சோற்றின் மேல் பளபளப்புப் பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். சொட்டும் தண்ணீர் இலை மேலேயே நிற்கும். திறக்கும்போது வாசமும் வரும்.

8. விலையும் பணமும்

பொருள், கேஸ், பெட்ரோல், டப்பாத் தேய்மானம் எல்லாம் போட்ட பிறகு உங்கள் கூலியையும் போடுங்கள். "வீட்டில் சும்மா இருக்கிற நேரம்தானே" என்று கூலியை விட்டுவிடுகிற பெண்கள் எத்தனையோ பேர். விடியற்காலை நாலரைக்கு எழுந்து பதினொன்றரை வரை நிற்பது சும்மா இருப்பது இல்லை.

வாரப் பணம் முன்கூட்டியே, திங்கட்கிழமை காலைக்குள். பணம் வாங்கும் டியூட்நவ் கியூஆர் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். தோட்டத்தில் சிலர் மாதக் கணக்கு கேட்பார்கள். சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுக்கப்பட வேண்டும் என்பது சட்டம், ஆகவே 8-ஆம் தேதியை வசூல் நாளாக வைக்கலாம். ஒரு மாதக் கடனுக்கு மேல் யாருக்கும் விடாதீர்கள். சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்வது சங்கடம்தான், ஆனாலும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஆர்டரும் ரத்தும் முந்தின நாள் மாலை 6 மணிக்குள். காலை பத்து மணிக்கு "இன்னிக்கு எம்சி (மருத்துவ விடுப்பு), வேண்டாம்" என்று செய்தி வந்தால் அந்தக் கட்டுக்குக் காசு உண்டு என்பதை ஆரம்பத்திலேயே எழுதிப் போடுங்கள்.

9. காலண்டரில் குறிக்க வேண்டியவை

வெள்ளிக்கிழமை நீண்ட இடைவேளை என்பதால் பலர் வீட்டுக்குப் போவார்கள், கட்டு குறையும். நம்மவர்களில் பலருக்கு அன்று சைவம். வெள்ளியன்று சைவம் மட்டும் என்று வைத்துவிட்டால் வேலையும் மிச்சம், சட்டி மாற்றும் தொல்லையும் இல்லை. புரட்டாசி மாதமும் தைப்பூச விரத நாட்களும் அதே மாதிரி. ரமலானில் நோன்பு இருக்கிறவர்கள் பக்கத்து மேசையில் இருப்பார்கள், கட்டை மூடின பையில் கொடுத்து, ஓரமாக உட்கார்ந்து சாப்பிடும்படி நம் ஆட்களிடம் சொல்லுங்கள். பள்ளி விடுமுறையில் ஆசிரியர்கள் வர மாட்டார்கள், அந்த வாரம் அரிசி, மீன் குறைத்து வாங்குங்கள்.

எஸ்.எஸ்.எம். முடியும் தேதி, லைசென்ஸ் முடியும் தேதி, ஒவ்வொருவரின் ஊசித் தேதி மூன்றையும் ஒரு மாதம் முன்னதாகவே குறித்து வையுங்கள். வருமான வரிக்கு, வியாபாரம் செய்கிறவர்களுக்கான பாரம் பி-யின் கடைசி நாள் ஜூன் 30. கணவருக்கோ உங்களுக்கோ சம்பள வேலை மட்டும் இருந்தபோது நிரப்பிய பாரம் பிஇ வேறு, அதற்கு ஏப்ரல் 30. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை என்றாலும், மளிகை ரசீதுகளைப் படம் எடுத்து வையுங்கள். மார்க்கெட்டில் ரசீது தராத மீன்காரரிடம் வாங்கினால் அன்றே நோட்டில் எழுதிவிடுங்கள். ரசீதுத் தாளில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும், நோட்டை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும்.